தேறுமா, தேறாதா?

'சவலை' என்ற வார்த்தையைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கைக்குழந்தை பால்குடி மறப்பதற்குள் அம்மா அடுத்த பிள்ளையைச் சுமந்துவிட்டால், மூத்தது இளைத்துப்போகும். கை, கால் குச்சியாகிவிடும். வயிறு மட்டும் முன்னால் நிற்கும். எப்போது பார்த்தாலும் சிணுங்கல். தெருவில் போகிற யாராவது ஒரு பாட்டி நின்று பார்த்துவிட்டு, "சவலை பாய்ஞ்சுபோச்சே புள்ளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் – இன்றைய கானா – சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் வேலை பார்த்தார். அங்கே பால் மறந்த சின்னக் குழந்தைகள் கை, கால் வீங்கி, தோல் உரிந்து செத்துக்கொண்டிருந்தன. இது என்ன நோய் என்று அந்த ஊர்ப் பெண்களையே கேட்டார். அவர்கள் ஒரு பெயர் சொன்னார்கள். 'குவாஷியோர்கர்'. அடுத்த பிள்ளை வந்ததும் முந்தைய பிள்ளைக்கு வருகிற நோய் என்று அர்த்தம். 1935-ல் அதே பெயரோடு 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். இன்றைக்கும் டாக்டர் படிப்புப் புத்தகங்களில் அந்தப் பெயர்தான்.

கானாக்காரப் பாட்டியும் சேலத்துப் பாட்டியும் ஒருவரையொருவர் பார்த்தது கிடையாது. ஆனால், இரண்டு பேரும் நோய்க்கு ஒரே மாதிரிதான் காரணம் சொல்லியிருக்கிறார்கள். குழந்தையின் உடம்பில் கோளாறு தேடவில்லை. பந்தியில் அதன் இலை பறிபோனதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் என்னை யோசிக்கவைத்தது ஒரு முயல்குட்டி. நம்புங்கள், 28 கிராம் முயல்குட்டி!

எங்கள் வீட்டுக்கு முயல் வந்தது மகளின் பிடிவாதத்தால். எட்டாம் வகுப்பு. நாய் கேட்டாள், வீட்டுக்காரர் விடமாட்டார். கிளி கேட்டாள், அது சட்டப்படி குற்றம். கடைசியில் முயலில் வந்து நின்றது பேச்சுவார்த்தை. வெள்ளையில் ஒன்று, சாம்பலில் ஒன்று.

சேலத்து வெயிலில் முயலா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முயலுக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. அந்த நீளக் காது வழியாகத்தான் பெருமளவு சூட்டை வெளியேற்றுகிறது. முப்பது டிகிரி தாண்டினாலே திணறும். சித்திரை, வைகாசியில் கூண்டின் மேல் ஈரச் சாக்கு, உள்ளே படுக்க ஒரு மண்பானை என்று ராஜ உபசாரம் செய்ய வேண்டும். வளர்க்கிறவர்களுக்கு இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். நம் காட்டிலும் சோளக்காட்டிலும் ஓடுகிற முயல் வேறு, கூண்டில் வளர்க்கிற முயல் வேறு. காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடையில் கிடைப்பது ஐரோப்பிய முயலின் வம்சம்.

குட்டியிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே உடம்பு நிறைய ரோமத்தோடு, கண் திறந்து பிறக்கும். கொஞ்ச நேரத்தில் நகர ஆரம்பித்துவிடும். வீட்டு முயல் குட்டி? ரோமம் கிடையாது, கண் மூடியிருக்கும், காது அடைத்திருக்கும். முதல் சில நாள் வரைக்கும் ரோஸ் கலரில் ஒரு சதைத் துண்டு, அவ்வளவுதான்.

போன மார்கழியில் எங்கள் வெள்ளை முயல் தன் வயிற்று ரோமத்தைத் தானே வாயால் பிடுங்கி, வைக்கோலோடு சேர்த்து மெத்தை போட ஆரம்பித்தது. சினையான முப்பத்தொன்றாம் நாள் விடிகாலை, கோயில் ஸ்பீக்கர் பாட ஆரம்பிக்கிற நேரம், பெட்டிக்குள் ஏழு குட்டிகள்.

ஆறு குட்டிகள் நல்ல நீளக் கத்தரிக்காய் கனத்தில் இருந்தன. ஏழாவது கோவைக்காய்.

பக்கத்து வீட்டு ஆயா வந்து எட்டிப் பார்த்தார். ராசிபுரம் பக்கத்தில் ஐம்பது வருஷம் ஆடு, மாடு மேய்த்தவர். மகன் வீட்டோடு சேலம் வந்து, மேய்க்க எதுவும் இல்லாமல் எங்கள் முயலை மேற்பார்வை செய்கிறவர்.

"இது தேறாது தம்பி. எடுத்து ஓரமா வெச்சிரு. இருக்கறதுங்களாவது நல்லா குடிக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை. 'இன்னிக்கு மழை வராது' என்பது போலச் சொன்னார்.

நான் பி.காம் படித்தவன். ஆயா சொன்னதற்கு எங்கள் பாஷையில் ஒரு பெயர் உண்டு. வாராக்கடன். வியாபாரத்தில் நூறு பேருக்குக் கடன் கொடுத்தால், நாலு பேர் திருப்பித் தரமாட்டான் என்று முதலிலேயே ஒரு தொகையை ஒதுக்கிவைத்துவிடுவார்கள். அதன் பின்னால் அலைந்தால் செருப்புத் தேய்மானம்தான் மிச்சம். பேரேட்டிலிருந்து அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். தப்பே கிடையாது. அதற்குத்தான் பாடம் நடத்துகிறார்கள், அதற்குத்தான் மார்க் போடுகிறார்கள்.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் கல்லூரி நண்பனிடம் போனில் இதைச் சொன்னேன். சிரித்தான். "ஏம்ப்பா, எங்க பண்ணையில ஒரு கொட்டகைக்கு ஆயிரக்கணக்குல நிக்குது. நோஞ்சானா நாலு தெரிஞ்சா ஒதுக்கிட்டுப் போயிட்டே இருப்போம். அதுக்குத் தனியா மருந்து, தனியா ஆளுன்னா கட்டுப்படியாகுமா?"

அவன் கொடுமைக்காரன் இல்லை. தினமும் பேப்பரில் நாமக்கல் முட்டை விலை எத்தனை காசு ஏறியது, இறங்கியது என்று பார்க்கிறீர்கள் அல்லவா? அந்தக் காசுக்குள்தான் தீவனம், கரன்ட், கூலி, வட்டி எல்லாம். முட்டைக் கோழித் தொழிலில் பொரிக்கிற குஞ்சு சேவல் என்றால், அது எவ்வளவு திடகாத்திரமாக இருந்தாலும் முதல் நாளே கணக்கை விட்டு வெளியே. முட்டை போடாது, கறிக்கும் சீக்கிரம் ஏறாது. திருவிழாவில் பச்சை, மஞ்சள், ரோஸ் சாயம் அடித்துக் கூடையில் விற்பார்களே... அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் இப்படிக் கழிக்கப்பட்டவைதான்.

ஆயிரத்துக்கு அந்தக் கணக்கு சரி. எங்கள் பெட்டியில் இருந்தது ஏழு. ஏழுக்கும் அதே கணக்கைப் போட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மகள் கேள்வியெல்லாம் கேட்கவில்லை. குட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். எதிர் வீட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சேலத்தில் தெருவுக்குத் தெரு கொலுசுப் பட்டறை உண்டு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டறை என்றால் தராசு இருக்கும். அரை கிராம் வெள்ளி அங்கே இங்கே போனாலும் கண்டுபிடித்துவிடுகிற எலெக்ட்ரானிக் தராசு.

"அண்ணா, இதை எடை போட்டுத் தர்றீங்களா?"

பட்டறைத் தம்பி தட்டில் ஒரு துணியைப் போட்டு, முள்ளை ஜீரோ செய்து – பழக்கத்தில் முள் என்றுதான் சொல்கிறார், நம்பர்தான் ஓடுகிறது – குட்டியை வைத்தார். 28 கிராம். மற்ற ஆறையும் ஒவ்வொன்றாக வைத்தார். 49, 51, 52, 52, 54, 57.

"பாப்பா, உன் குட்டி ஒரு ஜோடி கொலுசு எடைகூட வராது!"

அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு ஆரம்பமானது. குட்டிக்குப் பெயரும் வந்துவிட்டது. பொடிசு.

நாமக்கல்லில் 1985-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதால், எங்கள் பக்கத்தில் யாரைத் தட்டினாலும் ஒரு கால்நடை டாக்டர் சொந்தமாகவோ, சிநேகிதமாகவோ இருப்பார். எனக்கும் ஒருவர் உண்டு. போன் போட்டதும், 'என்ன பால் கொடுக்கலாம் டாக்டர்?' என்றுதான் கேட்டேன்.

"பாலை அப்புறம் பாக்கலாம். முதல்ல குட்டியைத் தொட்டுப் பாருங்க. சில்லுனு இருக்கா?"

சில்லென்றுதான் இருந்தது.

"அப்போ பாலே கொடுக்காதீங்க. உடம்பு குளுந்து கிடக்கறப்ப உள்ள போற பால் செரிக்காது. விழுங்கக்கூட தெம்பு இருக்காது, நுரையீரலுக்குப் போயிடும். முதல்ல சூடு. அப்புறம்தான் பால்."

முதலில் சூடு, அப்புறம்தான் பால். இந்த வரியை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்தாள் மகள்.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குப் புதுசு. உங்களுக்கும் புதுசாக இருக்கலாம்.

தாய் முயல் நாய், பூனை மாதிரி குட்டிகளோடு படுத்துக் கிடக்காது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில முயல் இரண்டு தடவை, அதுவும் ராத்திரியிலோ விடிகாலையிலோ வரும். மூன்று நாலு நிமிஷம் பால் கொடுக்கும். போய்விடும். பார்க்கிறவர்களுக்கு, 'என்ன கல்நெஞ்சு' என்று தோன்றும். கல்நெஞ்சு இல்லை. பொந்தில் வாழ்ந்த காலத்தில் அடிக்கடி வந்துபோனால் நரி மோப்பம் பிடித்துவிடும். ஒதுங்கியிருப்பதுதான் அதன் காவல்.

அந்த மூன்று நாலு நிமிஷத்தில் ஒரு குட்டி தன் எடையில் கால் பங்கு வரைக்கும் பால் குடித்துவிடும். கண் தெரியாது, காது கேட்காது. எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாசனை! முயல்பாலில் இருக்கும் ஒரு வாசனைப் பொருளை 2003-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அது மூக்கில் பட்டதும் குட்டி தலையை ஆட்டி ஆட்டிக் காம்பைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. பன்றிக்குட்டிகள் ஆளுக்கொரு காம்பு என்று பிறந்த சில நாளிலேயே இடம் பிடித்துக்கொள்ளும். முயல்குட்டிக்கு அப்படி ரிசர்வேஷன் கிடையாது. ஒன்றை விட்டு ஒன்று தாவித் தாவிக் குடிக்க வேண்டும். காம்பு எட்டு இருந்தாலும் ஏழு குட்டிக்கும் அடிதடிதான். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பஸ் ஒரு நாளைக்கு ஒன்றுதான். நிற்பது மூன்றே நிமிஷம்தான்.

சரி, மீதி இருபத்துமூன்றே முக்கால் மணி நேரம்? ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துச் சூட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. இதிலும் ஒரு சூட்சுமம். கூட்டத்தின் நடுவில் கிடக்கிற குட்டிக்கு நாலு பக்கமும் சூடு. ஓரத்தில் கிடப்பதற்கு ஒரு பக்கம்தான். கனமான குட்டி முட்டி மோதி நடுவுக்கு வந்துவிடுகிறது. நோஞ்சான் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. ஓரத்தில் இருப்பதால் குளிர்கிறது. குளிர்வதால் குடித்த கொஞ்சப் பாலும் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதற்கே செலவாகிறது. வளர மிச்சமில்லை. மறுநாள் பஸ் வரும்போது ஏறத் தெம்பில்லை.

புரிகிறதா? பொடிசுக்கு நோய் எதுவும் இல்லை. அதற்கு இடமும் இல்லை, முறையும் இல்லை. அவ்வளவுதான்.

மனிதக் குழந்தைக்கும் இதே கதைதான் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சர்யமாக இருந்தது. 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. குறை எடையில் பிறந்த குழந்தைகளை வைக்க இன்குபேட்டர் போதவில்லை. எட்கர் ரே என்ற டாக்டர் ஒரு யோசனை செய்தார். குழந்தையை அம்மாவின் மார்போடு மார்பாக, தோலோடு தோலாகக் கட்டிவிட்டார். கங்காரு குட்டியைப் பையில் சுமப்பது போல. சூட்டுக்குச் சூடு, பாலுக்குப் பால். 'கங்காரு தாய் பராமரிப்பு' என்று பெயர் வந்தது. நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் அம்மாக்கள் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதைப் பிறந்த உடனேயே செய்தால் என்ன என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 3,211 குழந்தைகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. 2021-ல் முடிவு வெளியானது. குழந்தையின் நிலைமை சீராகட்டும் என்று காத்திருந்து பிறகு கட்டிய பிரிவில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 16 குழந்தைகள் ஒரு மாதத்துக்குள் இறந்தன. பிறந்ததுமே கட்டிய பிரிவில் 12. நாலில் ஒரு சாவு குறைந்திருக்கிறது. எந்தப் புது மருந்தும் இல்லை. இடம் மட்டும்தான்... ஓரத்திலிருந்து நடுவுக்கு!

எங்கள் வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி, பக்கத்தில் பொடிசை வைத்தோம். அரை மணி நேரத்தில் ரோஸ் கலர் திரும்பியது. சூடு ஏறியதும் கால்களை உதைக்க ஆரம்பித்தது. அதுவரை அதற்கு உதைக்கத் தெரியும் என்றே எங்களுக்குத் தெரியாது.

இப்போது பால். பசும்பால் ஆகாது என்றார் டாக்டர். முயல்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல மூன்று மடங்கு. தாய்ப்பாலை ஜெயிக்க எதுவுமில்லை. எனவே, முதல் முயற்சி தாயிடமே. ஆனால் எப்படி? மற்ற ஆறு பேரும் விடுவார்களா?

இந்த இடத்தில்தான் ஆயா மறுபடியும் வந்தார். தேறாது என்று சொன்ன அதே ஆயா. கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தார். நாங்கள் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை போல.

"ஏந்தம்பி, வெள்ளாடு மூணு குட்டி போட்டா காம்பு எத்தனை? ரெண்டுதானே? அப்ப மூணாவது என்ன பண்ணும்? தடிக்குட்டி ரெண்டையும் புடிச்சுக் கட்டிப்போடணும். சோனியை முதல்ல ஊட்ட உடணும். அது வயிறு ரொம்புன பொறவுதான் மத்ததுங்களை அவுத்து உடணும். இதுகூடத் தெரியாம என்ன படிச்சீங்க?"

எங்களைக் கேட்டால், பி.காம் சிலபஸில் இது இல்லை ஆயா!

மறுநாள் விடிகாலை ஆறு குட்டிகளையும் அவற்றின் மெத்தையோடு வேறு பெட்டியில் மாற்றினோம். 'மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காது' என்று ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு. வீட்டில் பழகிய முயல் அப்படி ஒதுக்குவது குறைவு. சந்தேகமிருந்தால் கையில் அதன் கூட்டு வைக்கோலைத் தேய்த்துக்கொண்டால் போதும். தாயை மடியில் வைத்து என் மனைவி தடவிக்கொடுக்க, ஆயா பொடிசைக் காம்பில் கொண்டுபோய் வைத்தார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தத் தலை ஆட ஆரம்பித்தது. பிரான்ஸ் விஞ்ஞானிகள் சொன்ன அதே ஆட்டம். பற்றிக்கொண்டது.

இரண்டு நிமிஷம் தனியாக. வயிறு பளபளவென்று உப்பி, தோலுக்கு அடியில் பால் வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம்தான் அண்ணன் அக்காக்கள். சாயங்காலம் உபரியாக ஆட்டுப்பால், ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. குட்டியை மல்லாக்கப் படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். முடிந்ததும் ஏழையும் ஒன்றாகப் போட்டு, பொடிசை மட்டும் நடுவில். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தால் ஓரத்துக்கு வந்திருக்கும். மறுபடியும் நடுவில்.

பெரிய வேலையா? இல்லை. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். ஆனால், ஒரு நாள்கூட லீவு கிடையாது.

நோட்டுக் கணக்கைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் 31 கிராம். நாலாம் நாள் 30. அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழாம் நாள் 48. பதினொன்றாம் நாள் கண் திறந்தது, மற்றதுகளுக்கு ஒரு நாள் பின்னால். பதினாலாம் நாள் 96. பட்டறைத் தம்பி ஒவ்வொரு நாளும் காலையில் கடையைத் திறந்ததும் வெள்ளியைத் தொடுவதற்கு முன், "எங்க பாப்பா நம்ம ஆளு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். கொலுசு வாங்க வந்த வியாபாரி ஒருவர், குட்டி இறங்கட்டும் என்று காத்திருந்து தன் சரக்கை எடை போட்டதும் உண்டு.

ஆயாவின் அந்த வாக்கியத்தை இந்த நாட்களில் நான் பலமுறை நினைத்துக்கொண்டேன். 'இருக்கறதுங்களாவது நல்லா குடிக்கட்டும்.' எங்கள் பக்கத்தில் இது முயலுக்கும் ஆட்டுக்கும் மட்டும் சொன்ன வாக்கியம் இல்லை.

1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது ஞாபகமிருக்கிறதா? தமிழ்நாட்டிலேயே முதலில் அதை ஆரம்பித்தது சேலம் மாவட்டத்தில். நாமக்கல் அப்போது சேலத்தோடுதான் இருந்தது, தனி மாவட்டமானது 1997-ல். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், எங்கள் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், கேள்வி கேட்க மாட்டோம் என்று ஓர் அரசாங்கமே சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குழந்தைகள் எல்லாம் நோஞ்சான்களா? கிடையாது. நல்ல எடையோடு, நல்ல குரலோடு பிறந்தவைகளும் உண்டு. ஆனால் மூன்றாவது பெண், நான்காவது பெண். வீட்டுக் கணக்கில் 'தேறவில்லை'. சேவல் குஞ்சு மாதிரிதான்.

'தேறாது' என்ற சொல்லைக் கேட்டால் அது ஏதோ ஜோசியம் போல, நோயைப் பற்றிய தீர்ப்பு போல இருக்கிறது. கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், பல சமயம் அது பங்கு பிரிப்பதைப் பற்றிய முடிவு. முடிவை எடுத்துவிட்டு ஓரமாக வைக்கிறோம். ஓரத்தில் இருப்பதால் அது போய்விடுகிறது. 'பார்த்தியா, அப்பவே சொன்னேனே' என்கிறோம்.

பொடிசு கதைக்கு வருகிறேன். சினிமா போல முடியவில்லை. பதினெட்டு, இருபது நாளில் குட்டிகள் பெட்டியை விட்டு வெளியே வந்து, அம்மா தின்கிற குதிரை மசாலையும் கல்யாண முருங்கை இலையையும் கொறிக்க ஆரம்பித்தன. பொடிசு வெளியே வர இருபத்துமூன்று நாள். ஒரு மாதத்தில் மற்றதெல்லாம் அரைக் கிலோவை நெருங்கியபோது, அது 290 கிராம்.

ஐந்தாவது வாரம் ஒரு சாவு விழுந்தது. பொடிசு இல்லை. முதல் நாள் 57 கிராம் இருந்ததே, அந்தப் பெரிய குட்டி. ராத்திரி நன்றாகத்தான் விளையாடியது. காலையில் வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்து மருந்து கொடுத்தும் மத்தியானம் போய்விட்டது. "பால் மறக்கற வயசு முயலுக்கு ஒரு கண்டம் சார். குடல் பாலிலிருந்து புல்லுக்கு மாறற நேரம். பெருசு சிறுசு பாக்காது" என்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை. அது தேறுமா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நோட்டை எடுத்து, பெரிய குட்டியின் பத்தியில் கடைசி எடையை எழுதி, கீழே ஒரு கோடு போட்டாள். அவளுக்கு அக்கவுன்டன்சி யாரும் சொல்லித்தரவில்லை. கணக்கை முடிப்பது எப்படி என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது.

பொடிசு இப்போது முழு முயல். ஆனால் இன்னும் குள்ளம்தான். ஒரு காது நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். ஓட்டத்தில் கடைசி, தீவனத் தட்டில் முதல். விற்றால் யாரும் வாங்கமாட்டார்கள். செலவுக் கணக்கு போட்டால், ஆட்டுப்பால், சிரிஞ்ச், டாக்டருக்குப் போன பெட்ரோல் எல்லாம் சேர்த்து அந்த விலைக்குக் கடையில் ஒரு ஜோடியே வாங்கியிருக்கலாம். கோழிப்பண்ணை நண்பன் சொன்னது அப்பட்டமான உண்மை. கட்டுப்படியாகவில்லை.

கட்டுப்படியாகாத காரியங்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். சிறு வயதில் உங்களுக்கு டைஃபாய்டு வந்தபோது அம்மா பதினைந்து நாள் கண் விழித்தாரே, அதில் ஆரம்பியுங்கள். பட்டியல் நீளமாகத்தான் வரும். அதில் இருப்பதால்தான் நம்மில் பாதிப் பேர் இன்றைக்கு உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் முயல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் 'இது தேறாது' என்று யாராவது யாரைப் பற்றியாவது சொல்வதைச் சீக்கிரமே கேட்பீர்கள். கணக்குப் பாடத்தில் தவிக்கிற பையனாக இருக்கலாம். வேலையில் தடுமாறுகிற புது ஆளாக இருக்கலாம். பக்கவாதம் வந்து படுத்த பெரியவராக இருக்கலாம். சொல்கிறவர் நல்லவராகவே இருப்பார், அனுபவசாலியாகவும் இருப்பார். அவரோடு சண்டை போட வேண்டாம். எங்கள் டாக்டர் கேட்டதை மட்டும் கேளுங்கள். தொட்டுப் பார்த்தீங்களா, சில்லுனு இருக்கா? அதோடு ஆயாவின் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடிக்குட்டிகளைக் கட்டிப்போட்டு, இதுக்கு ஒரு ரெண்டு நிமிஷம் தனியா கொடுத்தீங்களா?

இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்த பிறகும் ஒரு ஜீவன் தேறவில்லை என்றால், அதை விதி என்று ஒப்புக்கொள்ளலாம். அதுவரைக்கும் பேரேட்டை மூட வேண்டாம்.